குமுதாவின் கொட்டகையில் இரண்டு பாதி

ஈஜோக்கிலிருந்து பத்தாங் பெர்ஜுந்தை நோக்கிப் போகும் சாலையில், செம்பனைக் காடு முடிந்து சிறு நிலங்கள் தொடங்கும் வளைவில், குமுதாவின் கோழிக் கொட்டகை இருக்கிறது. அரசாங்கம் பத்தாங் பெர்ஜுந்தைக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் சூட்டிப் பல ஆண்டுகள் கடந்துவிட்டன. கோழி ஏற்ற வரும் லோரிக்காரர்கள் இன்னும் பழைய பெயரைச் சொல்லித்தான் வழி கேட்கிறார்கள். குமுதா பிறந்தது ராசா என்னும் ஊரில். பள்ளிப் படிப்பு முடிந்ததும் ரவாங்கில் கையுறைத் தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்து, மேற்பார்வையாளர் நிலைவரை உயர்ந்தவர். டிரெய்லர் ஓட்டும் புவனேசனை மணந்து ஈஜோக் வந்த பிறகும் அந்த வேலையை விடவில்லை. தொழிற்சாலை ஆட்குறைப்புச் செய்தபோதுதான், இனி எவர் வாசலிலும் போய் வேலை கேட்பதில்லை என்று முடிவெடுத்துக் கோழி வளர்ப்பில் இறங்கினார்.

நிலம் அவருடையதன்று; புவனேசனின் அக்காள் காளியம்மாவுடையது. கணவர் காலமான பின் தம்பி வீட்டோடு வந்து தங்கியவர் காளியம்மா. "சும்மாதான கிடக்குது, கொட்டகை போட்டுக்கோ" என்று அவரே மனமுவந்து கொடுத்தார். கோழிக் கம்பெனி ஒன்று ஒருநாள் வயதுக் குஞ்சுகளையும் தீனியையும் அனுப்பும். வளர்த்துக் கொடுப்பது குமுதாவின் பொறுப்பு. வளர்ந்தவற்றைக் கம்பெனி லோரியே வந்து பிடித்துச் செல்லும். சில ஆண்டுகள் இந்த ஏற்பாடு தடையின்றி நடந்தது. பிறகு குஞ்சுகள் சாகத் தொடங்கின.

முதல் முறை, அடைமழை. ஓரத்துத் தார்ப்பாய் கிழிந்து, தரையில் பரப்பியிருந்த உமிப்படுக்கை நனைந்துவிட்டது. வந்த வாரத்திலேயே குஞ்சுகள் கூட்டமாக விழுந்தன. காரணம் கண்ணெதிரே இருந்ததால் குமுதா கலங்கவில்லை. தார்ப்பாயை மாற்றினார், தஞ்சோங் காராங் நெல் ஆலையிலிருந்து புது உமி இறக்கினார், அடுத்த தொகுதிக் குஞ்சுகளுக்குத் தயாரானார். ஆனால் இரண்டாவது தொகுதியும் விழுந்தது; மூன்றாவது அதைவிட மோசம். கம்பெனியின் கால்நடை மருத்துவர் செத்த குஞ்சுகளை அறுத்துப் பார்த்து, ஈ.கோலை என்னும் கிருமி மூச்சுவழி ஏறியிருக்கிறது என்றார். கிருமிக்கொல்லி மருந்து கொடுத்தார்கள். சில பிழைத்தன, பல பிழைக்கவில்லை. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்ததில் கிருமிக்கு அது பழகிப்போயிருக்கலாம் என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

அதே சமயத்தில் செக்கிஞ்சானிலிருந்து ஒருவர் காளியம்மாவைத் தேடி வந்தார். அந்த இடத்தில் உயரமான கட்டடம் எழுப்பி, உணவாக விலைபோகும் கூடு கட்டும் பறவைகளை வரவழைத்து, அந்தக் கூட்டை விற்கும் தொழில் அவருடையது. நிலத்தை நீண்டகாலக் குத்தகைக்குக் கேட்டார்.

"கோழிதான் நிக்க மாட்டேங்குதே குமுதா," என்றார் காளியம்மா. "பறவையாச்சும் வந்து உக்காரட்டுமே."

"கோழி நிக்கும் அண்ணி. நிக்க வெச்சுக் காட்டறேன்," என்றார் குமுதா.

கொட்டகை நிலைக்குமா, பிரிக்கப்படுமா என்ற கேள்வி வீட்டுக்குள் நுழைந்தது அன்றுதான்.

டாக்டர் சுரையா குமுதாவின் வீட்டைத் தேடி வந்தது இந்த நிலையில். கோலசிலாங்கூரில் சாப்பாட்டுக் கடை நடத்துபவரின் மகள். பல்கலைக்கழகமொன்றில் கோழி நோய்களை ஆராய்பவர். கம்பெனி மருத்துவர் வழியாகக் குமுதாவின் கொட்டகையைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தார். குஞ்சுகள் தொடர்ந்து சாகும் இடந்தான் அவருடைய ஆராய்ச்சிக்கு வேண்டியிருந்தது.

"எங்களப் போல அதிர்ஷ்டசாலி யாரு லா," என்றார் புவனேசன். "சாவு எண்ணிக்கைக்காகவே ஆள் தேடி வர்றாங்க."

சுரையா தாம் கொண்டுவந்த சங்கதியை விளக்கினார். அது செயற்கையாகச் செய்த டிஎன்ஏத் துண்டு.

"டிஎன்ஏவா?" காளியம்மா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கோழிக்கு அப்பன் யாருன்னு பாக்கப் போறீங்களா?"

"அது வேற டெஸ்ட் ஆன்ட்டி," என்று சிரித்தார் சுரையா. "அதெல்லாம் கேட்டா எந்தச் சேவலும் ஒத்துக்காது. இது லேப்ல செஞ்ச சின்னத் துண்டு. பாக்க கிருமியோட டிஎன்ஏ மாதிரியே இருக்கும். ஆனா உயிர் கிடையாது, பெருகாது, கோழியோட டிஎன்ஏவத் தொடவும் தொடாது. குஞ்சோட உடம்பு அதக் கண்டதும் கிருமி வந்துடுச்சுன்னு நெனச்சு முழிச்சுக்கும். அப்புறம் நெசமான கிருமி வர்றப்போ தயாரா நிக்கும்."

"அப்ப பொய் சொல்லி எழுப்பறீங்க," என்றார் புவனேசன்.

"அப்படித்தான் அங்கிள்."

"இதுக்கு எதுக்குப் பல்கலைக்கழகம்? குமுதா என்னை தெனமும் அப்படித்தானே எழுப்பறா. அஞ்சு மணிக்கே ஏழாச்சும்பா."

குமுதா கணவரின் பேச்சைக் காதில் வாங்கவில்லை. "ஊசியா போடுவீங்க?" என்று கேட்டார்.

"ஊசி இல்லக்கா. குஞ்சு வந்த அன்னிக்கே ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள்ள விட்டு, பனி மாதிரி தூவுவோம். மூச்சோட நுரையீரலுக்குப் போயிடும். கிருமி நொழையற அதே வழியில காவலும் நிக்கும்."

நிபந்தனைகள் இரண்டு. கொட்டகையை நடுவே தட்டி வைத்து இரு பாதியாகப் பிரிக்க வேண்டும். நீலத்துணி கட்டிய பக்கத்துக்கும் மஞ்சள் துணி கட்டிய பக்கத்துக்கும் பனி தூவப்படும். ஒன்றில் டிஎன்ஏ இருக்கும், மற்றதில் வெறும் உப்புத்தண்ணீர். எது எதில் என்பது சுரையாவுக்கே தெரியாது. புட்டிகளுக்கு எண் மட்டும் ஒட்டி, விவரத்தைப் பல்கலைக்கழகத்தில் வேறொருவர் பூட்டி வைத்திருந்தார்.

"டாக்டருக்கே தெரியாத மருந்தா!" என்று வாயில் கைவைத்தார் காளியம்மா.

"தெரிஞ்சா என் கண்ணு ஒரு பக்கமாச் சாஞ்சிடும் ஆன்ட்டி."

இரண்டாவது நிபந்தனை, வழக்கமாகச் செய்யும் எதையும் மாற்றக்கூடாது என்பது. தீனி, தண்ணீர், சூட்டுக்கு எரிக்கும் கேஸ் அடுப்பு, உமிப்படுக்கை, கிருமிநாசினி என்று ஒவ்வொன்றாகச் சுரையா கேட்டார். குமுதா எதையும் விடாமல் சொன்னார். தொழிற்சாலையில் பழகிய ஒழுங்கு அது. குஞ்சுகளுக்குச் செய்யும் அனைத்தையும் சொல்லிவிட்டதாகவே அவர் மனமார நம்பினார்.

குஞ்சுகள் ஒரு வெள்ளிக்கிழமை வந்தன. நல்ல நாள் என்று காளியம்மா குறித்துக் கொடுத்த நாள். பெட்டி பெட்டியாகப் பனி தூவி முடித்துச் சுரையா கிளம்பினார். பொழுது சாய்ந்ததும் தார்ப்பாய்களை இறக்கிக் கொட்டகையை மூடினார்கள். குஞ்சுகளுக்குக் காற்று படக்கூடாது. நான்காம் நாள் சாவு தொடங்கியது. நீலப் பக்கம், மஞ்சள் பக்கம் என்ற பேதம் அதற்கு இல்லை. சுரையா வந்து செத்தவற்றை அறுத்துப் பார்த்தார். காற்றுப்பைகளில் அதே கிருமியின் வேலை. கூடவே, மூச்சுக்குழாய் உட்புறமெல்லாம் சிவந்து புண்பட்டிருந்தது. உமியை அள்ளி முகர்ந்தார், எச்சத்தின் நெடி இல்லை. கேஸ் அடுப்புகளைச் சோதித்தார், நன்றாகவே எரிந்தன.

"பக்கத்துல யாராச்சும் குப்பை எரிக்கிறாங்களாக்கா? புகை ஏதும்?"

"இல்ல டாக்டர். செம்பனை மட்டையக்கூட இந்தப் பக்கம் கொளுத்த விடமாட்டேன்."

சுரையாவின் மேலதிகாரி அந்தக் கொட்டகையைக் கைவிடச் சொல்லிவிட்டார். கம்பெனியிலிருந்து வந்த குறுஞ்செய்தி அதைவிடச் சுருக்கம்: இனிக் குஞ்சு அனுப்புவதாக இல்லை. செக்கிஞ்சான்காரருக்குச் செய்தி எப்படியோ எட்டி, மறுபடி தொலைபேசியில் அழைத்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை மாலை, பிழைத்த குஞ்சுகளிலிருந்து கடைசியாக இரத்தம் எடுத்துக்கொண்டு போகலாம் என்று எண்ணிச் சுரையா முன்னறிவிப்பின்றி வந்தார். தார்ப்பாயை விலக்கி உள்ளே காலெடுத்து வைத்தவர் இருமிக்கொண்டே வெளியே வந்தார். குமுதா ஓடிவந்தார்.

"உள்ள என்னக்கா அது?"

"சாம்பிராணி. அண்ணி போடறாங்க."

சொல்லி முடிக்கும் முன்பே குமுதா தார்ப்பாயை விலக்கிப் பார்த்தார். மூடிய தார்ப்பாய்க்குள், தூபக்கால் நிறையக் கங்கோடு காளியம்மா குஞ்சுகளுக்கு நடுவே மெல்ல நடந்துகொண்டிருந்தார். வெண்புகை தாழ்ந்து, குஞ்சுகளின் உயரத்திலேயே படிந்து நின்றது. அலகைத் திறந்து, கழுத்தை நீட்டி நீட்டி மூச்சு வாங்கின குஞ்சுகள். இந்தக் காட்சியைக் குமுதா ஒவ்வொரு வெள்ளியும் பார்த்திருக்கிறார். கணக்கில் மட்டும் சேர்த்ததில்லை. தீனி குஞ்சுக்குக் கொடுப்பது, தண்ணீர் குஞ்சுக்குக் கொடுப்பது. சாம்பிராணி சாமிக்குப் போடுவது. சுரையா கேட்டபோது அது அவர் நாவில் வராமற்போனதற்கு வேறு காரணம் இல்லை.

மழையில் முதல் தொகுதி செத்தபோது, அது கண்ணேறு என்று எண்ணிக் காளியம்மா தொடங்கிய வழக்கம் அது. இரண்டாம் தொகுதியும் செத்தது, புகையைக் கூட்டினார். மூன்றாவதும் செத்தது, குஞ்சு வந்த அன்று மாலையே போட ஆரம்பித்தார். செத்தது கண்டு புகையும், புகையால் சாவும் ஒன்றையொன்று வளர்த்து வந்திருக்கின்றன. பனியாய்த் தூவிய மருந்து போன வழியிலேயே, அன்று மாலைக்குள் புகையும் போய்ப் புண்ணாக்கியிருக்கிறது.

சுரையா காளியம்மாவை நோக்கி அடியெடுத்து வைத்தார். குமுதா அவர் கையைத் தொட்டு, "நீங்க பேசாதீங்க டாக்டர். இது எங்க வீட்டு விஷயம், நானே சொல்லிக்கிறேன்," என்றார்.

அன்றே சொன்னார். காளியம்மாவின் முகம் இறுகியது.

"அப்ப சாமி புகையில கோழி செத்துச்சு. நாந்தான் கொன்னேன். அதானே சொல்ல வர்ற?"

"கொன்னீங்கன்னு சொல்லல அண்ணி. பொழைக்கணும்னுதான் போட்டீங்க. நானும் பக்கத்துல நின்னு புகையத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டேன். செஞ்சதுல எனக்கும் பாதி இருக்கு."

"என் நெலத்துல நான் சாம்பிராணி போடக்கூடாதா?"

"போடுங்க. வாசல்ல போடுங்க, வீட்டுல போடுங்க, எம் மூஞ்சியில போடுங்க. தார்ப்பாய்க்கு உள்ள மட்டும் வேணாம்."

"போடத்தான் செய்வேன்."

"அப்ப நான் தார்ப்பாய்க்கு முன்னால படுத்துக்குவேன். தாண்டிப் போங்க."

புவனேசன் ஏதோ வேடிக்கையாகச் சொல்ல வாயெடுத்து, இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு அடங்கிப்போனார். அதுவரை ஓரமாக நின்ற சுரையாதான் மெதுவாகப் பேசினார். "எங்க வீட்டுலயும் வியாழக்கிழமை ராத்திரியானா எங்கம்மா சாம்பிராணி போடுவாங்க ஆன்ட்டி. அந்த வாசம் இல்லாட்டி எனக்குத் தூக்கம் வராது. நமக்கு அது வாசம். குஞ்சுக்கு மூச்சுக்குழாய் நூலு மாதிரி, அதுக்குத் தாங்காது."

காளியம்மா தூபக்காலைத் தூக்கி ஓரமாக வைத்தார். பிறகு, "இன்னும் ஒரே தடவை," என்றார். "நான் உள்ள போகல. அதுக்கப்புறமும் செத்துச்சுன்னா கொட்டகையப் பிரிச்சிடணும். ஒரு பேச்சு பேசக்கூடாது."

"பேச மாட்டேன்," என்றார் குமுதா.

வாக்குக் கொடுப்பது எளிதாக இருந்தது. குஞ்சு கிடைப்பதுதான் கடினமாக இருந்தது. மறுநாளே குமுதா கம்பெனி அலுவலகத்துக்குப் போனார். மேலாளர் கூட்டத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். கூட்டம் முடியும்வரை உட்கார்ந்திருந்தார். மேலாளர் சாப்பிடப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அவர் சாப்பிட்டுவிட்டு வரும்வரையும் உட்கார்ந்திருந்தார். கடைசியில் மேலாளரே அறைக்கதவைத் திறந்து, "என்னம்மா, இங்கேயே கொட்டகை போட்டுடுவீங்க போல இருக்கே," என்றார். நடந்ததை எந்தப் பூச்சும் இல்லாமல் குமுதா சொன்னார். சாம்பிராணியைப் பற்றிச் சொல்லவும் வெட்கப்படவில்லை. சுரையாவும் பல்கலைக்கழகத்தில் தம் பங்குக்கு வாதாடி, மிச்சமிருந்த டிஎன்ஏவைக் கேட்டு வாங்கியிருந்தார். இன்னொரு தொகுதிக்கு இருவருக்கும் அனுமதி கிடைத்தது. அதற்குமேல் எவரும் தருவதாக இல்லை.

பழைய கோழிகள் போனதும் குமுதா கொட்டகையைக் கழுவினார். கூரைக் கம்பிகளில் படிந்திருந்த புகைப்பிசினைச் சோப்புத் தண்ணீரால் தேய்த்தபோது, துணி தேன்நிறத்தில் கறைபட்டது. அதைக் காளியம்மா பார்த்துக்கொண்டு நின்றார்.

புதிய குஞ்சுகள் வந்தன. முன்போலவே இரு பாதி, முன்போலவே பனி. வெள்ளிக்கிழமை மாலை காளியம்மா தூபக்காலோடு வெளிக்கதவருகே நின்று புகை காட்டிவிட்டுத் திரும்பிப் போனார். முதல் மூன்று நாள் எந்தக் குஞ்சும் வாடவில்லை. புவனேசன் பினாங்குக்குப் போகும் வழியெல்லாம் தொலைபேசியில் அழைத்து, "எல்லாரும் நலமா?" என்று கேட்டார், வீட்டாரைப் பற்றி ஒருமுறையும் கேட்கவில்லை.

நான்காம் நாள் காலை மஞ்சள் பக்கத்தில் சில குஞ்சுகள் இறக்கையைத் தொங்கவிட்டுக் கேஸ் அடுப்போரம் ஒடுங்கின. மாலைக்குள் இன்னும் பல. நீலப் பக்கத்தில் ஒன்றிரண்டைத் தவிர மற்றவை தீனித்தட்டைச் சுற்றி ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு நின்றன. சுரையா விரைந்து வந்தார். நோய் ஓர் எல்லையைத் தாண்டினால் ஆராய்ச்சியை நிறுத்திவிட்டு எல்லாவற்றுக்கும் கிருமிக்கொல்லி கொடுத்துவிட வேண்டும் என்பது தொடக்கத்திலேயே எழுதப்பட்டிருந்த விதி. இன்னும் அந்த எல்லை வரவில்லை.

"நீங்க சொன்னா இப்பவே நிறுத்திடலாம்க்கா. இது உங்க கொட்டகை. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

காளியம்மா தட்டிக்கு வெளியே நின்று மஞ்சள் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீலப் பக்கத்து மருந்து மிச்சமிருந்தா இதுங்களுக்கும் அடிச்சுவிடேன்டி குமுதா. அதுங்களும் குஞ்சுதானே. பாக்கவே பொறுக்கல."

குமுதாவுக்கும் பொறுக்கவில்லை. இந்த முறை விழுந்தால் கொட்டகை இல்லை. கிருமிக்கொல்லியை இப்போதே தண்ணீரில் கலந்துவிட்டால் கொட்டகை ஒருவேளை தப்பிக்கும். ஆனால் எது குஞ்சைக் காப்பாற்றியது என்பது எவருக்கும் தெரியாமலே போகும். அடுத்த தொகுதியிலும் இதே பயம், அதற்கடுத்ததிலும் இதே பயம். பயந்துகொண்டே வளர்ப்பதற்கு அவர் இந்தத் தொழிலில் இறங்கவில்லை.

"எல்லை வர்ற வரைக்கும் தொடக்கூடாது அண்ணி. வந்துடுச்சுன்னா நானே மருந்தைக் கலக்கறேன்," என்றார்.

வாடியவற்றைத் தனிக்கூண்டில் பிரித்தார். சூட்டைக் கூட்டினார். ஒவ்வொன்றின் அலகையும் தண்ணீரில் தொட்டுத் தொட்டுக் குடிக்கவைத்தார். சொல்லாமலே காளியம்மா எதிரே வந்து அமர்ந்து, மறு வரிசையை எடுத்துக்கொண்டார். இரண்டு நாள் அப்படிப் போயிற்று. சில குஞ்சுகள் அவர்கள் கையிலேயே செத்தன. மூன்றாம் நாள் சாவு குறைந்தது, அதன்பின் நின்றது. எல்லை வரவில்லை.

கோழிகள் வளர்ந்து, கம்பெனி லோரி வந்து நின்ற நாளில், பல்கலைக்கழகத்தில் பூட்டி வைத்திருந்த விவரம் திறக்கப்பட்டது. டிஎன்ஏ நீலப் பக்கத்தில் இருந்தது.

"நான் அப்பவே சொன்னேன்ல, நீலந்தான்னு," என்றார் காளியம்மா.

"எப்ப அண்ணி சொன்னீங்க?"

"மனசுக்குள்ள சொன்னேன்."

சுரையா மகிழ்ந்தார்; ஆனால் அளந்துதான் பேசினார். மஞ்சள் பக்கங்கூட முந்தைய தொகுதிகளைவிட எவ்வளவோ மேல். அது புகை நின்றதால் கிடைத்த நன்மை. அதற்கு மேல் நீலப் பக்கம் நிமிர்ந்து நின்றது டிஎன்ஏவால் ஆகலாம். ஒரு கொட்டகையைக் காட்டி உலகத்துக்குச் சொல்லிவிட முடியாது. பாகான் நக்கோடா ஓமார் கிராமத்துப் பக்கம் இன்னும் சில கொட்டகைகளில் பார்க்க வேண்டும். மருந்து விலைக்கு வர ஆண்டுகள் ஆகலாம்; வராமலும் போகலாம்.

"வர்றப்போ வரட்டும் டாக்டர்," என்றார் குமுதா. "அதுவரைக்கும் பாதிக்குப் பாதி வெச்சுப் பாக்கணும்னா, எங்கொட்டகை இருக்கு."

அந்தச் சொல்லைச் சொல்லும்போது அவர் காளியம்மாவைத் திரும்பிப் பார்த்தார். காளியம்மா லோரியில் ஏறும் கூண்டுகளைப் பார்த்தபடியே, "என்னை ஏன் பாக்கற? நெலத்தக் கேட்டவனுக்கு நேத்தே போன் போட்டுட்டேன். வேற எடம் பாத்துக்கச் சொல்லிட்டேன்," என்றார்.

லோரி சாலை ஏறியதும், புவனேசன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மனைவியையும் உட்காரச் சொன்னார். குமுதா அதற்குள் கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டி, இரப்பர்க் காலணியை மாட்டிக்கொண்டு, தண்ணீர்க் குழாயைத் திருகிவிட்டிருந்தார்.

"ஒரு நாளாச்சும் ரெஸ்ட் எடேன் லா குமு. கோழிதான் போயிடுச்சே."

"அடுத்த குஞ்சு வந்து நின்னா உங்க மடியிலயா விடறது? எந்திரிங்க. அந்த உமிய வாரிக் கொட்டுங்க."

புவனேசன் எழுந்தார். கொட்டகையின் மறுகோடியில் காளியம்மா ஏற்கெனவே மண்வெட்டியோடு நின்றுகொண்டு, மஞ்சள் பக்கத்து உமியை வாரத் தொடங்கியிருந்தார்.